கப்பல் நங்கூரத்தில் இருக்கிறது

படப்பிடிப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரே ஒரு சொல்தான் உண்டு. அது 'ரோஜர்'. சொன்னது புரிந்தாலும் ரோஜர், புரியாவிட்டாலும் ரோஜர், பசி வயிற்றைக் கிள்ளினாலும் ரோஜர். மற்ற சொற்களெல்லாம் மேலே இருப்பவர்களின் உடைமை.

அந்த ஒரு சொல்லையும் ஒழுங்காகச் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் முதல் எழுத்து காற்றோடு போய்விடும். "ரோவைக் காணோம். தேடிக் கொண்டு வந்து மறுபடி சொல்லு" என்று முதல் உதவி இயக்குநர் ஊர் கேட்க அவளைத் திருத்தியிருக்கிறார். ஊர் என்றால் சேனல் ஒன்று. தளத்தில் இருக்கும் அத்தனை காதுகளும் அதில்தான் இருந்தன.

முதல் உதவி இயக்குநர் தனக்கு 'மாலுமி' என்று பெயர் சூட்டிக்கொண்டிருந்தார். நாயகனின் நடமாட்டம் வெளியே தெரிந்தால் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால், வாக்கியில் அவர் பெயர் வரக்கூடாது, அவர் 'கப்பல்'. இயக்குநர் கூடாரத்தை விட்டு அசையாமல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் 'கலங்கரை விளக்கம்'. கூட்டத்தைத் தடுக்கத் தெருமுனையில் கட்டிய கயிற்றருகே நிற்கும் காவலாளியிடம் வந்தபோது மாலுமியின் கற்பனை வற்றிவிட்டது. அவர் வெறும் 'கயிறு'. அவள் நாயகனின் கேரவன் வாசலில் நிற்பவள் என்பதால் 'கேரவன்'. வீட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அதைக் கேட்டவர் இங்கே ஒருவரும் இல்லை.

ரோஜரைத் தவிர அவள் சொல்லக்கூடியவை ஆறு வாக்கியங்கள். கப்பல் நங்கூரத்தில்: நாயகன் கேரவனுக்குள் இருக்கிறார். கப்பல் ஆழ்கடலில்: தூங்குகிறார். கப்பலுக்கு வண்ணம்: ஒப்பனை நடக்கிறது. நங்கூரம் எடுத்தாச்சு: இறங்கிவிட்டார். கப்பல் அசையுது: நடந்து வருகிறார். கரை தொட்டாச்சு: கேமரா முன்னால் நிற்கிறார். முதல் நாளே இவற்றை ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் மாலுமி அவளுக்கு மதியச் சாப்பாட்டைக் காட்டினார்.

இந்தப் பயிற்சிக்கு முன்னால் அவள் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலையில் இருந்தாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, இதைவிடப் பொய் குறைவான தொழில் ஏதாவது இருக்காதா என்று சினிமாவுக்கு வந்தவள். அவளுடைய அப்பா உறவுக்காரர்கள் எல்லோரிடமும் மகள் டைரக்டர் ஆகப் போகிறாள் என்று சொல்லிவிட்டார். அத்தை மட்டும், "அதெல்லாம் சரி, எப்போ திரும்பி வருவா?" என்று கேட்டிருந்தாள்.

அதற்குப் பதில் இன்று மாலை தெரிந்துவிடும். பயிற்சியின் கடைசி நாள் இது. உதவி இயக்குநராக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மாலுமி முடிவு செய்வார். இடத்தை விட்டு நகர்ந்தால் வீடு. இல்லாத வாக்கியத்தைச் சொன்னால் வீடு. அவள் நினைவில் வேறெதையும் வைத்துக்கொள்ளவில்லை.

காலையிலிருந்து அவள் கேரவன் வாசலில் கல்தூண் மாதிரி நின்றாள். விடிந்ததும் வந்து ஏறியவர் நாயகன். "அஞ்சு நிமிஷத்துல ஷாட்" என்று அப்போது மாலுமி சொன்னார். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகும் அதே ஐந்து நிமிடம்தான் பாக்கி இருந்தது. முதலில் விளக்கு சரியில்லை, பிறகு மேகம் சரியில்லை, அதன்பின் கலங்கரை விளக்கத்துக்கு மனசு சரியில்லை. இன்று தயாரிப்பாளர் வேறு தளத்துக்கு வருவதாக இருந்தது. மாலுமியின் குரலில் காலையிலிருந்தே ஒரு நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"கேரவன், நிலைமை?"

"கப்பல் நங்கூரத்தில்."

"ரோஜர்."

உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை. கதவைத் தட்டவும் கூடாது. ஒப்பனைக்காரர் மட்டும் போகலாம். அவர் வட்டப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நாயகனின் தலைமுடி அதற்குள் இருந்தது. நாயகனுக்குத் தலையில் முடி இல்லை என்பதை அறிந்தவர்கள் தளத்தில் நாலைந்து பேர்தான். அந்தப் பெட்டி தினமும் உள்ளே போய் காலியாக வெளியே வருவதைப் பார்த்து அவளும் அவர்களில் ஒருத்தி ஆகியிருந்தாள்.

ஒப்பனைக்காரர் உள்ளே போன வேகத்தில் கதவைத் திறந்து தலையை நீட்டினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"உள்ள யாரும் இல்லம்மா."

"காலையில ஏறினாரே, சார். நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

"டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து கெடக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கமா எறங்கிட்டார்போல. இத பாரு, நான் பார்க்கல. நீயும் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னா, விட்டது யாருன்னு கேப்பாங்க."

"அப்ப என்ன சொல்றது?"

"என் வேலை மேக்கப் போடறது. நான் போட ஆரம்பிச்சுட்டேன்." கதவைச் சாத்திக்கொண்டார். மறு நிமிடம் காதில் அவர் குரல் கணீரென்று கேட்டது. "கப்பலுக்கு வண்ணம்."

"அருமை," என்றார் மாலுமி.

அவள் ஆறு வாக்கியங்களையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இருக்கிறார், தூங்குகிறார், ஒப்பனையில் இருக்கிறார், இறங்கிவிட்டார், நடந்து வருகிறார், வந்துவிட்டார். இல்லை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. விதிப்படி சந்தேகம் வந்தால் சேனல் இரண்டுக்குப் போய் மேலதிகாரியைக் கூப்பிட வேண்டும். அவள் குமிழைத் திருப்பினாள். "மாலுமி சார், கேரவன் பேசறேன்." இரைச்சல்தான் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். யாருமில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

நல்லவேளையாக மாலுமியே அந்தப் பக்கம் வந்தார். கழுத்தில் இரண்டு வாக்கிகள், இடுப்பில் ஒன்று.

"சார், ஒரு சந்தேகம். கப்பல் நங்கூரத்துலயும் இல்லாம, கரையிலயும் இல்லாம இருந்தா என்ன கோட் சொல்லணும்?"

மாலுமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படி ஒரு நிலைமை கிடையாது. இந்த கோட் எல்லாத்தையும் உருவாக்க நான் எத்தனை படத்தோட அனுபவத்தைப் பிழிஞ்சிருக்கேன் தெரியுமா? அவர் இல்லன்னா ஷாட் இல்ல. ஷாட் இல்லன்னா நான் எதுக்கு? நான் இருக்கேன் இல்லையா? அப்ப அவரும் இருக்கார். லாஜிக்கை யோசிச்சுப் பாரு."

"உள்ள போய் ஒரு தடவை பார்த்துட்டா..."

"பார்க்கறது வாக்கி இல்லாதவங்க வேலை. எங்கிட்ட மூணு இருக்கு."

அவர் போன பிறகுதான் சேனல் ஒன்றில் கயிறு பேசினார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"மாலுமி சார், கயிறு. வெளியில ஒருத்தர் நிக்கிறார். பனியன், தொப்பி. யூனிட் ஆளுன்னு சொல்றார். கேரவன்லேருந்து வந்தாராம். திரும்பி உள்ள விடச் சொல்றார். கார்டு இல்ல."

"பேரைக் கேளு."

"சொல்ல மாட்டேங்கிறார். தொப்பியைக் கழட்டச் சொன்னேன், கழட்டிட்டு உடனே மாட்டிக்கிட்டார். மொட்டைத் தலை."

"கேரவன்ல கப்பலும் மேக்கப்பும்தான் இருக்காங்க. ரெண்டு பேரையும் இப்பத்தான் கன்ஃபர்ம் பண்ணினோம். இவன் ஏமாத்துப் பேர்வழி. வெளியிலயே நிறுத்து."

"ரோஜர்."

அது நாயகன்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கால் நீட்டி நடக்கலாம் என்று இறங்கியிருக்கிறார். கயிற்றைத் தாண்டியிருக்கிறார். இப்போது தான் யார் என்று சொன்னால், தலையில் முடி இல்லை என்பதும் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அத்தனை வருடம் கட்டிக் காத்த முடி. கூட்டம் முழுக்கக் கையில் கேமரா. மனிதர் பெயரைச் சொல்லாமல் வெயிலில் நிற்கிறார். யார் கண்டது, காலையில் ஏறியதிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல்கூட இருக்கலாம். தட்டு எதுவும் உள்ளே போனதாக அவளுக்கு நினைவில்லை.

அதற்குள் தளத்தில் பரபரப்பு கூடியது. தயாரிப்பாளரின் கார் திரும்புவது தெரிந்ததும் மாலுமியின் குரல் ஒரு கட்டை மேலே போனது. "எல்லாரும் கவனிங்க. கார் நிக்கறதுக்குள்ள முதல் ஷாட் ஓடணும். முதுகுலேருந்து எடுக்கலாம். டூப்பை நிறுத்துங்க." நாயகனின் உயரமும் அகலமும் உள்ள, சண்டைக் காட்சிகளில் அடி வாங்கும் மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"கரை தொட்டாச்சு," என்று மாலுமியே அறிவித்தார்.

"சார் வந்துட்டாரா?" என்று கூடாரத்துக்குள்ளிருந்து கலங்கரை விளக்கம் கேட்டது.

"வந்துட்டார் சார். இன்னிக்கு ரொம்ப உள்வாங்கி நடிக்கறார். பேச்சுக் கொடுக்காதீங்க." பிறகு அவசரமாக, "கேரவன், நங்கூரம் எடுத்தாச்சுன்னு நீ சொல்லவே இல்லியே. அசையுதுன்னும் சொல்லல. வரிசை விட்டுப்போகுது. இப்ப சொல்லு."

"சார், அவர் இங்க..."

"வரிசை, கேரவன். சாயங்காலம் உன்னைப் பத்தி நான் பேசணும் இல்ல?"

அப்பா முகம் கண் முன்னால் வந்தது. அத்தையின் முகமும் வந்தது. அவள் பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, "நங்கூரம் எடுத்தாச்சு. கப்பல் அசையுது" என்றாள். ஒரு எழுத்துகூடக் காற்றில் போகவில்லை. சொல்லி முடித்ததும் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மேக்கப், வண்ணம் முடிஞ்சுதா?"

"பிரமாதமா வந்திருக்கு சார்," என்றார் ஒப்பனைக்காரர், கேரவனுக்குள்ளிருந்து.

ஷாட் ஓடியது. டூப் தெருவைப் பார்த்து நின்றார். "அந்த முதுகுல எவ்வளவு சோகம்," என்று கலங்கரை விளக்கம் தழுதழுத்தது. தயாரிப்பாளர் காரிலிருந்து இறங்கிக் கைதட்டினார். அப்போது கயிறு மறுபடி பேசினார்.

"மாலுமி சார், அந்த ஆளு ஒரு மாதிரி இருக்கார். வேர்த்துக் கொட்டுது. நாக்கு குழறுது. என்னைத் திட்டறார். சர்க்கரை வேணுமாம்."

"கூட்டத்துக்கு சர்க்கரை கொடுக்கற வழக்கம் கிடையாது. ஒருத்தனுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"கீழ உக்காந்துட்டார் சார். ஆம்புலன்ஸைக் கொஞ்சம் இந்தப் பக்கம்..."

"ஆம்புலன்ஸ் கப்பலுக்காக நிக்குது. கப்பல் இங்க என் கண் முன்னால நல்லா இருக்கு. சேனலைக் காலி பண்ணு."

வியர்வை, குழறல், காரணமில்லாத கோபம். வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் அப்படியே இதுதான். ஒருமுறை அம்மா பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்து வரத் தாமதமாகி, அப்பாவின் கண் சொருகிப்போனதை அவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அம்மா சமையலறைக்கு ஓடிய ஓட்டம் இன்னும் அவள் காலில் இருந்தது.

அவள் கேரவன் கதவைத் தள்ளித் திறந்தாள். குளுகுளுவென்ற காற்றில் ஒப்பனைக்காரர் நாயகனின் நாற்காலியில் சாய்ந்து, மேசைமேல் கிடந்த விக்குக்குச் சீப்பு போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி ஓரம் மாத்திரைப் பையும் குளுக்கோஸ் பாக்கெட்டும் இருந்தன. இரண்டையும் தண்ணீர் பாட்டிலையும் அள்ளிக்கொண்டாள்.

"இடத்தை விட்டு நகர்ந்தா அவ்வளவுதான், தெரியுமில்ல?" என்றார் அவர்.

"தெரியும் சார்."

ஓடினாள். ஓடும்போதே பொத்தானை அழுத்தினாள். மூச்சு விட நேரமில்லை. "சார் கேரவன்ல இல்ல. ஷாட்லயும் இல்ல. கயித்துக்கு வெளியில வெயில்ல விழுந்து கெடக்கார். ஆம்புலன்ஸை அனுப்புங்க."

மாலுமி நிதானமாகப் பேசினார். "கேரவன், அந்த மாதிரி கோட் கிடையாது. திருத்திச் சொல்லு."

"கோட் இல்ல சார். ஆளு கெடக்கார்."

"திருத்திச் சொல்லு."

கயிற்றின் அடியில் நுழைந்தாள். அவர் சுவரில் சாய்ந்து தலை தொங்கிக் கிடந்தார். தொப்பி உருண்டு போயிருந்தது. சுவரொட்டியில் ஆளுயரத்துக்குப் பார்த்த முகம், முடி இல்லாமல், வயதான ஒரு சின்ன மாமாவின் முகமாக இருந்தது. "சார், விழுங்க முடியுதா? என்னைப் பாருங்க." கண் திறந்தது. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லப் புகட்டினாள். முதல் வாய் பனியனில் வழிந்தது. அடுத்தது இறங்கியது. பாதி பாட்டில் போன பிறகு அவர் அவளைப் பார்த்த பார்வையில் ஆள் திரும்பி வந்திருந்தார்.

"யாருக்கும் தெரியாதா?" என்றார்.

"சொல்லிட்டேன் சார். நம்ப மாட்டேங்கறாங்க."

அவர் கையை நீட்டினார். வாக்கியைக் கொடுத்தாள். "நான்தான் பேசறேன்," என்றார் அவர். "கயித்துகிட்ட இருக்கேன். எனக்கு உடம்பு சரியில்ல."

எத்தனையோ அரங்குகளில் விசில் வாங்கிய குரல் அது. மாலுமிக்குத் தெரியாத குரல் இல்லை. ஆனாலும் அவர் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. "சேனல் ஒண்ணுல அனுமதியில்லாம பேசறது யாரு? உங்க போஸ்ட் என்ன?"

நாயகனுக்குப் போஸ்ட் கிடையாது. தன்னை இங்கே கப்பல் என்று அழைப்பதையே யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

கூட்டத்தில் நின்ற ஒரு பெண்மணி, இடுப்பில் குழந்தையோடு, சத்தமில்லாமல் முன்னால் வந்தாள். குரலைக் கேட்டே அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரையே பார்த்துவிட்டு, கையிலிருந்த குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் கேமராக்களை எடுத்தார்கள். கயிறு தன் பெரிய உடம்பைத் திருப்பி அவர்களுக்கு முன்னால் சுவராக நின்றுகொண்டார். "எடுக்காதீங்கப்பா," என்றார், அதே சின்னக் குரலில். "மனுஷன் முடியாம கெடக்கார்."

ஆம்புலன்ஸ் வரவில்லை. அதற்குப் பதில் மாலுமி தானே ஓடி வந்தார். பார்த்தார். மூன்று வாக்கிகளும் அவர் மேல் கரகரத்துக்கொண்டிருந்தன. அவர் முதலில் செய்தது ஒரு வாக்கியை வாயருகே கொண்டு போனதுதான்.

"எல்லாரும் கவனிங்க. முதல் ஷாட் அருமையா முடிஞ்சுது. கப்பல் கரையிலேருந்து திரும்புது." பிறகு நாயகன் பக்கம் குனிந்து, பணிவோடு, "சார், டூப் கேரவனுக்குப் போய்ச் சேர ரெண்டு நிமிஷம் ஆகும். அது வரைக்கும் நீங்க இங்கயே உக்காருங்க. ரெண்டு கப்பல் ஒரே நேரத்துல நங்கூரத்துல இருக்க முடியாது. தயாரிப்பாளர் பார்த்துட்டிருக்கார்."

நாயகன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தொப்பியில்லாத தலையோடு, யாருக்கும் காத்திருக்காமல் நடந்தார். தளத்தில் ஒருவரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எல்லோரும் காதில் கை வைத்து, கப்பல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியில் அவர் கேட்டார். "இந்தப் பெட்டியில யாருமே கேக்காத சேனல் எதாவது இருக்காம்மா?"

"ரெண்டாவது சேனல் இருக்கு சார்."

மாலையில் மாலுமி அவளைக் கூப்பிட்டார். மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்து வாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டே போனாள். அப்பாவிடம் எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று வழி நெடுக யோசித்திருந்தாள்.

"நீ இன்னிக்கு ஒரு உயிரைக் காப்பாத்தினே. அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல," என்றார் மாலுமி. "ஆனா எந்தச் சேனல்ல காப்பாத்தினேங்கறதுதான் பிரச்னை. ஒண்ணுல நூத்துக்கணக்கான பேர் கேக்கறாங்க. எல்லாருக்கும் உண்மை தெரிஞ்சுட்டா, அப்புறம் வேலை எப்படி நடக்கும்? உண்மையைச் சொல்லணும்னா சேனல் ரெண்டு இருக்கு."

"நான் ரெண்டுல கூப்பிட்டேன் சார். யாருமே கேக்கல."

"அதுக்குத்தானேம்மா அதை வச்சிருக்கோம்."

அவள் காதிலிருந்து ஒயரைக் கழற்றி வாக்கியை நீட்டினாள். மாலுமி வாங்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"சார் சொல்லிட்டார். கேரவன் வாசல்ல நீதான் நிக்கணுமாம். வேற யாராவது நின்னா வர மாட்டாராம். அவருக்கும் ஒரு வாக்கி வேணுமாம், கொடுத்துட்டேன். நாளையிலேருந்து நீ உதவி இயக்குநர். வாழ்த்துகள். காலையில அந்த ஆறு வாக்கியத்தையும் ஒரு தடவை ஒப்பிச்சுட்டு வேலையை ஆரம்பி."

மறுநாள் காலை அவள் அதே வாசலில் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் ஷாட். உள்ளே ஒப்பனைக்காரர் நாற்காலிக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கேரவன், நிலைமை?"

அவள் பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டாள். "கப்பல் நங்கூரத்தில்."

"அருமை."

குமிழைச் சேனல் இரண்டுக்குத் திருப்பினாள். இரைச்சல் கேட்டது. காத்திருந்தாள். அது கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இரைச்சல் விலகி, நாயகனின் குரல் தணிவாக வந்தது.

"பின் தெருவுல மரத்தடியில உக்காந்திருக்கேன்மா. பையில பிஸ்கட் இருக்கு, குளுக்கோஸ் இருக்கு. இப்போ உடம்பு நல்லா இருக்கு. சும்மா உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"ரோஜர்," என்றாள் அவள்.